பதினேழுக்கு இடமில்லை

நகரப் பேருந்துக் கழகத்தில் ஒரு வழக்கம் உண்டு. எந்த மேசைக்கு ஒரு கோப்பு வந்தாலும், அது ஒரு குறிப்பைச் சுமந்துகொண்டுதான் அந்த மேசையை விட்டு இறங்க வேண்டும். குறிப்பில்லாமல் போய்விட்டால் அந்த அதிகாரி அன்று தூங்கிவிட்டார் என்று அர்த்தம். தூங்குகிற அதிகாரிகளும் அங்கே உண்டுதான். ஆனால் அவர்களும் விழித்த உடனே ஒரு குறிப்பை எழுதிவிட்டுத்தான் முகம் கழுவப் போவார்கள். கோப்பில் உள்ள விஷயம் சரியாக இருந்துவிட்டால்தான் தலைவலி. சரியாக இருப்பதில் என்னத்தை எழுதுவது? 'நன்று, ஆயினும்' என்று ஆரம்பித்து எதையாவது சேர்த்துவிடுவார்கள். அங்கே யாரும் எதையும் நீக்கியதே இல்லை. நீக்கினால் அதைச் சேர்த்த அதிகாரியோடு மல்லுக்கட்ட வேண்டும். யாருக்கு வேண்டும் அந்தப் பொல்லாப்பு?

இந்த விவரம் தெரியாமல்தான் அவள் போய் மாட்டிக்கொண்டாள்.

அவளுக்கு இருபத்து நான்கு வயது. டிசைனர். கடைப் பலகை, மருந்து அட்டைப்பெட்டி, நோட்டுப் புத்தக அட்டை என்று செய்துகொண்டிருந்தவளுக்குப் பேருந்துக் கழகத்தின் புதிய தோற்றத்தை உருவாக்கும் வேலை கிடைத்தது. திறமையைப் பார்த்துக் கொடுத்தார்கள் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். போட்டிக்கு வந்த மூன்று பெரிய நிறுவனங்களும் விண்ணப்பத்தின் எட்டாம் பக்கத்தில் கையெழுத்துப் போட மறந்துவிட்டன. இவள் போட்டிருந்தாள்.

அன்று வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னாள். அம்மா ஒரு தையல் கூடத்தில் காஜா எடுக்கிறவள், அதாவது சட்டைக்குப் பொத்தான் துளை போடுகிறவள். பதினேழாம் நம்பர் பஸ்ஸில் போய் எட்டரை மணிக்குள் ஸ்டூலில் உட்கார்ந்துவிட வேண்டும். இரண்டு வருஷமாக அம்மாவுக்குத் தூரப் பார்வை மங்கிக்கொண்டே வருகிறது. மடியில் இருக்கும் துளை துல்லியமாகத் தெரியும், தெருமுனையில் திரும்பும் பஸ் கண்ணாடி போட்டாலும் பாதிதான் தெரியும். பதினேழு என்று நினைத்துப் பதினொன்றில் ஏறிவிடுவாள். ஒருநாள் எழுபத்தொன்றில் ஏறி ஊருக்கு வெளியே இருக்கும் குப்பைக் கிடங்கைப் பார்த்துவிட்டு வந்தாள். இந்த வருஷம் மட்டும் இரண்டு முறை தாமதம். மூன்றாவது முறை தாமதமாக வந்தால் வேறு ஆள் பார்த்துக்கொள்வேன் என்று மேற்பார்வைக்காரி முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டாள்.

"நீ என்ன வேணா வரைஞ்சுக்கோ. எனக்கு நம்பர் தெரியணும், அவ்வளவுதான்" என்றாள் அம்மா.

அவள் வேலை செய்கிற முறையே வேறு. எந்த வேலையாக இருந்தாலும் கம்ப்யூட்டரைத் தொடுவதற்கு முன்னால் அந்தப் பொருளைப் புழங்குகிற ஆளோடு போய் நிற்பாள். மருந்துப் பெட்டி செய்யும்போது கைநடுக்கம் உள்ளவர்கள் அதை எப்படித் திறக்கிறார்கள் என்று நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தவள் அவள். இப்போது பத்து நாள் பஸ் ஸ்டாப்பில் நின்றாள். யார் கண்ணைச் சுருக்குகிறார்கள், யார் பக்கத்தில் இருப்பவரைக் கேட்கிறார்கள், யார் கேட்கக் கூச்சப்பட்டுப் பஸ்ஸை விட்டுவிடுகிறார்கள் என்று எழுதிக்கொண்டாள். பிறகு நம்பர்களைப் பெரிய தாளில் அச்சடித்து எதிர்ச்சுவரில் ஒட்டி, அம்மாவை நாற்பது அடி தள்ளி நிறுத்திப் படிக்கச் சொன்னாள். ஒன்றும் ஏழும் குழம்புகிறது என்றாள் அம்மா. மகள் ஒன்றுக்குக் கீழே ஒரு பாதம் வைத்தாள். ஏழுக்கு இடுப்பில் ஒரு கோடு போட்டாள். மஞ்சள் பின்னணியில் கறுப்பு. பதினாலாவது தாளில் அம்மா கண்ணைச் சுருக்காமல், கண்ணாடிகூடப் போடாமல், "பதினேழு" என்றாள். அன்று அவள் அடைந்த சந்தோஷம் இருக்கிறதே, பரீட்சையில் முதலாவதாக வந்தவர்களுக்குக்கூட அது கிடைத்திருக்காது.

கழகத்தின் காட்சி அடையாளக் குழுவில் ஏழு பேர். ஏழு துறைத் தலைவர்கள், நிர்வாக இயக்குநரும் அதில் ஒருவர். நீளமான மேசை, ஏழு தண்ணீர் பாட்டில், பிஸ்கெட். சுவரில் ஒரு வெள்ளைப் பஸ்ஸின் படம் விழுந்தது. முகப்பில் கால்வாசியை அடைத்துக்கொண்டு மஞ்சள் பலகையில் 17.

நிர்வாக இயக்குநர் தொண்டையைச் செருமிக்கொண்டு, லோகோ எங்கே என்று கேட்டார். நம்பர்தான் லோகோ, ஒவ்வொருத்தருக்கும் அவரவர் நம்பர்தான் இந்தக் கழகம், என்று அவள் பணிவாக விளக்கினாள். அம்மாவைப் பற்றியும் சொன்னாள். எல்லோரும் தலையாட்டினார்கள். அவள் பாவம், அந்தத் தலையாட்டலை நம்பிவிட்டாள்.

"நம்பரைப் பார்த்தா பஸ் வந்துச்சுன்னு தெரியும்மா. யார் விட்ட பஸ்ஸுன்னு தெரியுமா?" என்றார் நிர்வாக இயக்குநர். "பயணி பஸ்ஸைத் தவற விடலாம், அது அவங்க இஷ்டம். கழகத்தைத் தவற விடக் கூடாது. நான் இந்த நாற்காலிக்கு வந்து பதினோரு வருஷம் ஆகுது. இதுவரைக்கும் ஒரு தடவைகூட பஸ் நம்பரைப் பார்க்க வேண்டிய தேவை எனக்கு வந்ததில்லை. நல்லாத்தானே இருக்கேன்?"

நல்லாத்தான் இருந்தார். கோப்பு அவர் மேசையிலிருந்து 'நன்று, ஆயினும் முத்திரை தேவை' என்ற குறிப்போடு இறங்கியது.

சரி, முத்திரைதானே என்று அவள் ஒரு சின்னச் சக்கரம் வரைந்தாள். அதில் ஆறு ஆரங்கள் இருந்தன. துறைகள் ஏழு அல்லவா என்று ஒரு குறிப்பு வந்தது. ஏழாக்கினாள். உடனே, மேலே நிமிர்ந்து நிற்கிற ஆரம் எந்தத் துறையுடையது என்று சண்டை மூண்டது. இரண்டு துறைத் தலைவர்கள் மூன்று வாரம் பேச்சுவார்த்தை இல்லாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு திரிந்தார்கள். கடைசியில் மக்கள் தொடர்பு அதிகாரிதான் சமாதானம் செய்தார். சக்கரம் சுழல்வதாக வைத்துக்கொண்டால் எல்லாத் துறையும் முறை வைத்து மேலே வரும் என்றார். எல்லோருக்கும் திருப்தி. ஆனால் சுழல்வதாகக் காட்டச் சக்கரத்தைச் சுற்றி வளைவுக் கோடுகள் தேவைப்பட்டன. கோடுகளுக்கு இடம் தேவைப்பட்டது. இடம் எங்கிருந்து வரும்? நம்பர் பலகையிலிருந்து ஒரு சாண் போயிற்று.

பிறகு ஒரு பயிலரங்கம் வைத்தார்கள். கழகத்தின் ஆன்மாவைக் கண்டுபிடிப்பதற்காம். நம் கழகம் ஒரு மிருகமாக இருந்தால் என்ன மிருகமாக இருக்கும் என்று மக்கள் தொடர்பு அதிகாரி எல்லோரிடமும் கேட்டார். நிர்வாக இயக்குநர் சிங்கம் என்றார். மற்ற ஆறு பேரும் யோசித்துப் பார்த்துவிட்டுச் சிங்கம் என்றார்கள். கடைசி வரிசையில் கையில் கிரீஸோடு உட்கார்ந்திருந்த தலைமை மெக்கானிக்கைப் பார்த்து, நீங்களும் சொல்லலாம் என்றார்கள்.

"கழுதைங்க" என்றார் அவர். "எவ்வளவு ஏத்தினாலும் போகுது, பாவம்."

'சுமைக்கு அஞ்சாத கம்பீர உயிரினம் என்று தொழிலாளர் தரப்பிலும் சிங்கமே முன்மொழியப்பட்டது' என்று நடவடிக்கைக் குறிப்பில் ஏறியது. சக்கரத்தின் நடுவில் சிங்கத்தின் முகம் வந்து உட்கார்ந்தது. பலகையிலிருந்து இன்னொரு சாண் போயிற்று.

பண்டகசாலை அதிகாரி இதற்கெல்லாம் மசிகிறவர் அல்ல. அவருக்குத் தெரிந்த ஒரே நிறம் அரக்கு. ஏனென்றால் கிடங்கில் நானூறு டிரம் அரக்குப் பெயின்ட் கிடந்தது. பஸ் அரக்கு, சக்கரம் அரக்கு, சிங்கம் அரக்கு, நம்பரும் அரக்கு. அரக்கின் மேல் அரக்கில் எழுதினால் எப்படித் தெரியும் என்று அவள் கேட்டாள். கிட்டப் போய்ப் பார்த்தால் பளபளப்பு வித்தியாசம் தெரியும் என்றார் அவர். ஓடுகிற பஸ்ஸுக்குக் கிட்டப் போய்ப் பார்ப்பதாம். அவளுக்கு மண்டை காய்ந்துபோயிற்று.

சட்ட அதிகாரி அவளைத் தனியாக அறைக்குக் கூப்பிட்டு, மகளுக்குச் சொல்வதுபோல அன்பாகச் சொன்னார்.

"நம்பர் பளிச்சுன்னு தெரிஞ்சா அது வாக்குறுதி ஆயிடும்மா. பதினேழுன்னு போட்டுட்டு பஸ் அந்தப் பக்கம் போகலைன்னா கேஸ் போடுவாங்க. கொஞ்சம் மங்கலா இருந்தா, நாங்க எங்க சொன்னோம்னு கேட்டுடலாம்."

இதற்குமேல் பேச்சு பயன்படாது என்று அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். குழுவை ஒரே ஒரு காலை பஸ் ஸ்டாப்புக்கு அழைத்துப் போக வேண்டும். கண்ணால் பார்த்தால் கல்லும் கரையாதா என்று நினைத்தாள். கெஞ்சிக் கூத்தாடி எட்டு மணிக்கு அவர்களை வரவழைத்தும்விட்டாள். ஏழு பேரும் ஏழு ஜீப்பில் வந்தார்கள். ஏழு ஜீப்பும் பஸ் ஸ்டாப்பிலேயே வரிசையாக நின்றன. பஸ் நிற்க இடமில்லை. வந்த பஸ்கள் எல்லாம் ஒரு பர்லாங் தள்ளி நின்றன, ஜனங்கள் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். நிர்வாக இயக்குநர் கண்ணுக்கு மேல் கையை வைத்து அரைமணி நேரம் கவனமாகப் பார்த்தார். 'கள ஆய்வில் பஸ்கள் நிறுத்தத்தில் நிற்பதில்லை என்பதும், பயணிகள் நல்ல உடல்நலத்துடன் ஓடுகிறார்கள் என்பதும் தெரியவந்தது' என்று அன்றைய குறிப்பு சொன்னது. நம்பரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அப்போதே அவள் கும்பிடு போட்டுவிட்டு வந்திருக்கலாம். ஏன் வரவில்லை என்றால், நம்பர் இன்னும் ஒரு கையகலம் மிச்சம் இருந்தது. நாம் போய்விட்டால் அதுவும் போய்விடும் என்று பயந்தாள். அப்படிப் பயந்து பயந்தே ஒவ்வொரு குறிப்புக்கும் தலையாட்டினாள். அம்மா ஒவ்வொரு நாளும், நம்பர் நல்லா வந்திருக்கா என்று கேட்பாள். வந்துகொண்டிருக்கிறது என்பாள் இவள். பொய் சொன்ன வாய்க்கு அன்று சோறு இறங்காது.

கடைசிக் குறிப்பு மறுபடியும் நிர்வாக இயக்குநருடையது. 'நன்று, ஆயினும் சிங்கத்தின் தாடையருகே எண் உறுத்துகிறது.' தீப்பெட்டி அளவுக்குச் சுருங்கிய பதினேழு, முகப்பிலிருந்து இறங்கி, பம்பருக்கு இடதுபக்கம், சேறு படுகிற இடத்தில் போய் ஒட்டிக்கொண்டது.

புதிய பஸ்கள் ஓடத் தொடங்கிய முதல் நாள் அம்மா ஏழரைக்கே போய் நின்றாள். அரக்கு நிறத்தில் ஒரு பஸ் வந்தது. நெற்றியில் ஆள் உயரச் சக்கரம், அதற்குள் சிங்கம். அதன் பின்னால் இன்னொரு அரக்குப் பஸ், இன்னொரு சிங்கம். குனிந்து பம்பரைப் பார்ப்பதற்குள் அது கிளம்பிவிட்டது. நாலாவது சிங்கத்தில் அம்மா தைரியமாக ஏறிவிட்டாள். இறங்கிய இடம் குப்பைக் கிடங்கு.

தையல் கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி பத்து பத்து. அவளுடைய ஸ்டூலில் வேறொருத்தி உட்கார்ந்திருந்தாள். மேற்பார்வைக்காரி கல்நெஞ்சுக்காரி அல்ல, ஆனால் அவளுக்கும் மேலே ஒருவர் இருக்கிறார். அடுத்த திங்கட்கிழமை எட்டரைக்கு வந்து நின்றால் இடம் உண்டு, எட்டு முப்பத்தொன்றுக்கு வந்தால் இல்லை, என்று சொல்லி அனுப்பிவிட்டாள்.

அம்மா திரும்பி வந்து செருப்பைக் கழற்றினாள்.

"அந்தச் சிங்கம் நீ போட்டதா?"

"ஆமாம்மா."

"எதுக்குடி போட்டே?"

ஏழு பேர் எழுதிய குறிப்புகளின் கதையைச் சொல்லலாம். சொன்னால் அது அவளுக்கே அசிங்கமாக இருக்கும் என்று தோன்றியது. சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்து அழுதாள். அம்மா வந்து முதுகைத் தடவிவிட்டாள். அதில் அழுகை இன்னும் அதிகமாயிற்று.

அந்த வாரமே கழகத்திலிருந்து ஒரு பாராட்டுக் கடிதம் வந்தது. சாதாரணமாக ஒரு நாளைக்கு இருநூறு புகார் வருகிற புகார்ப் பிரிவில், புதிய பஸ்கள் ஓடத் தொடங்கியதிலிருந்து ஒரு புகார்கூடப் பதிவாகவில்லையாம். இந்த மகத்தான மனமாற்றத்துக்குக் காரணமான காட்சி அடையாளத்தை உருவாக்கியதற்காகக் கழகம் நன்றி தெரிவித்துக்கொள்கிறதாம். அவள் அதை இரண்டு தடவை படித்தாள். அம்மாவுக்கும் படித்துக் காட்டினாள்.

"நான் ஒருத்தி இருக்கேனே. வா, போய் எழுதிக் குடுப்போம்" என்று அம்மா எழுந்துவிட்டாள். எதற்கும் யாரிடமும் போய் நிற்காத மனுஷி.

புகார்ப் பிரிவுக்குப் போனால், வாசல் வரை வரிசை. முப்பது நாற்பது பேர் இருப்பார்கள். ஒருத்தர் வேலைக்கு நேர்காணலைத் தவற விட்டவர், ஒருத்தி பிரசவத்துக்கு மகளைப் பார்க்கக் கிளம்பி எங்கேயோ போய் இறங்கியவள். ஜன்னலுக்குப் பின்னால் ஒரு எழுத்தர். ஒவ்வொருவராக ஜன்னலுக்குப் போகிறார்கள், இரண்டு வார்த்தை பேசுகிறார்கள், வெறும் கையோடு முணுமுணுத்துக்கொண்டு திரும்புகிறார்கள். அம்மாவின் முறை வந்ததும் விஷயம் விளங்கிற்று. எழுத்தர் படிவத்தின் முதல் கட்டத்தைத் தொட்டுக் காட்டினார்.

"பஸ் நம்பர் என்னம்மா?"

"நம்பர் தெரியலைங்கிறதுதான் சார் புகாரே."

"புரியுது. ஆனா நம்பர் இல்லாம புகாரைப் பதிவு பண்ண முடியாது. எல்லாருக்கும் இதேதான் சொல்லிட்டிருக்கேன். எனக்கும் வாய் வலிக்குது."

அவளுக்குச் சிரிப்பதா, ஜன்னலை உடைப்பதா என்று தெரியவில்லை. பையிலிருந்து தடித்த பேனாவை எடுத்தாள். படிவத்தைத் திருப்பினாள். பின்பக்கம் வெறும் வெள்ளை. ஒன்றுக்கு ஒரு பாதம், ஏழுக்கு இடுப்பில் ஒரு கோடு. தாள் முழுக்க நிறைகிற மாதிரி 17 என்று எழுதி எழுத்தரின் மூக்குக்கு நேரே நீட்டினாள். கோபத்தில் செய்த காரியம்தான், யோசித்துச் செய்ததல்ல. கட்டத்துக்கு வெளியே எழுதியதை வாங்க முடியாது என்று எழுத்தர் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

ஆனால் வரிசையின் கடைசியில் நின்றவர் அதைப் பார்த்துவிட்டார். அதோ பதினேழு, அங்கிருந்தே தெரிகிறதே, என்றார். பக்கத்தில் நின்ற ஒரு ஓய்வு பெற்ற தபால்காரர் கொஞ்சம் யோசித்தார்.

"பஸ்ஸுல நம்பர் இல்லைன்னா போகுது. நம்ம கையில இருந்தா டிரைவருக்குத் தெரியும்ல? அவருக்குத்தான் தன் பஸ் என்னன்னு தெரியுமே. எனக்கு அம்பத்தி நாலு எழுதிக் குடும்மா."

அவ்வளவுதான். அவள் பெஞ்சில் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தாள். வரிசை அப்படியே ஜன்னலை விட்டுப் பெஞ்சுக்கு நகர்ந்தது. படிவக் கட்டு தீர்ந்துபோக, எழுத்தரே உள்ளே போய் இன்னொரு கட்டு எடுத்து வந்தார். கொடுத்துவிட்டு, ஒருமுறை சுற்றும் முற்றும் பார்த்துக்கொண்டு, தனக்கும் இருபத்தொன்று ஒன்று வேண்டும் என்று கேட்டு வாங்கிச் சட்டைக்குள் செருகிக்கொண்டார்.

திங்கட்கிழமை காலையில் அம்மாவோடு அவளும் ஸ்டாப்புக்குப் போனாள். அம்மா தாளை இரண்டு கையாலும் நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரு சிங்கம் வந்தது, நிற்காமல் போயிற்று. இரண்டாவது சிங்கம் போயிற்று. மணி எட்டு ஆயிற்று. மூன்றாவது சிங்கம் தெருமுனையில் திரும்பும்போதே விளக்கை இரண்டு தடவை போட்டுக் காட்டியது. டிரைவர் நேராக அம்மாவின் எதிரில் கதவு வருகிற மாதிரி கொண்டுவந்து நிறுத்தினார்.

"ஏறும்மா, பதினேழுதான். அவ்வளவு தூரத்துலேருந்தே தெரிஞ்சுது. எங்க பஸ்ஸுலயும் இப்படி எழுதியிருந்தா எவ்வளவு நல்லா இருக்கும்."

எட்டு இருபத்தேழுக்கு அம்மா தன் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். அங்கிருந்து அம்மா போன் செய்து சொன்னபோது மகளுக்கு நிஜமாகவே கால் தரையில் பாவவில்லை.

ஒரு மாதத்தில் நகரம் முழுக்க ஜனங்கள் நம்பரைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். தாளிலும் அட்டையிலும் குடையிலும் எழுதிவைத்துக்கொண்டார்கள். சின்னப் பிள்ளைகளின் பள்ளிக்கூடப் பை முதுகில் நம்பர் இருந்தது. இரண்டு பஸ்ஸில் எது வந்தாலும் ஏறலாம் என்கிறவர்கள் முன்பக்கம் ஒன்று பின்பக்கம் ஒன்று என்று திரும்பித் திரும்பி நின்றார்கள். பஸ்கள் நேரத்துக்கு ஓடின.

கழகம் இதைச் சும்மா விடுமா? ஒரு காலையில் அவளுக்குக் கடிதம் வந்தது. கெட்டியான தாள், மேலே சக்கரம், அதற்குள் சிங்கம். பயணிகள் தத்தம் விருப்பப்படி பல அளவிலும் பல நிறத்திலும் எண்களைப் பிடித்து நிற்பதால் கழகத்தின் தோற்றப் பொலிவு கெடுகிறதாம். எனவே பயணிகளின் காட்சி அடையாளத்தை ஒழுங்குபடுத்த ஒரு குழு அமைக்கப்பட்டிருக்கிறதாம். இனி பயணி பிடிக்கும் அட்டை அரக்கு நிறத்தில் இருக்க வேண்டும். அதில் கழகத்தின் முத்திரை முழு அளவில் இடம்பெற வேண்டும், புதிய குழுவுக்காக எட்டாவது ஆரத்தோடு. இடமிருப்பின் கீழே எண்ணைச் சேர்த்துக்கொள்ளலாம். முன்னனுபவம் கருதி, இந்தப் பணியும் அவளிடமே ஒப்படைக்கப்படுகிறது. பஸ்ஸுக்குச் செய்ததையே மனிதர்களுக்கும் சிறப்பாகச் செய்து தருவாள் என்று குழு ஒருமனதாக நம்புகிறது.

அவள் கடிதத்தைப் படித்துக்கொண்டிருக்கும்போதே அம்மா அறைக்குள் வந்து நின்றாள். நேற்று மழையில் தன் தாள் நனைந்து மை இழுகிவிட்டது, வேறு ஒன்று எழுதிக் கொடுக்க வேண்டும், நேரமாகிறது என்றாள்.

அவள் கடிதத்தைத் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் சுத்தமாக இருந்தது. நல்ல கெட்டித் தாள்தான், மழைக்கும் கொஞ்சம் தாங்கும். பேனாவை எடுத்து, ஒன்றுக்குப் பாதம் வைத்து, ஏழுக்கு இடுப்புக்கோடு போட்டு, ஓரம் வரை நிறைத்து எழுதினாள். மை காய இரண்டு நிமிஷம் ஆயிற்று. அம்மா அதை வாங்கிக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பினாள்.